கன்னி மூலை பீரோ

கம்பம்
9.11.2025

அன்புத் தங்கச்சி உமாதேவிக்கு அக்கா நாகஜோதி எழுதுவது. நானும் உன் மச்சானும் நன்றாக இருக்கிறோம். அவருடைய முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து, மழை போன பிறகும் ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் போகிறது. கவுகாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா?

தீபாவளியன்று போனில் நாம் போட்ட சண்டை பக்கத்து வீடு வரைக்கும் கேட்டதாம். "இனிமே காயிதத்துல பேசிக்கங்க. அதுலதான் ஒருத்தி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தி குறுக்க வர முடியாது" என்று உன் மச்சான் உத்தரவு போட்டுவிட்டார். வாழைக்காய் மண்டியில் தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய். அவசரம் என்றால் மட்டும் போன். சரி என்று சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் இங்கே லேசாக நிலம் ஆடியது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, அவ்வளவுதான். ஆனால் தெருவே வெளியே வந்துவிட்டது. மறுநாளே இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெபஷீலாவை வரச் சொன்னேன். போடி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற அய்யாத்துரையின் மகள். வீட்டின் விலை என்ன என்று கேட்டாள். மனையையும் சேர்த்து, போன மாதம் எதிர்வீடு விற்ற கணக்கில் ஒரு தொகை சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "அக்கா, நெலம் ஆடுனாலும் அங்கனயேதான் கெடக்கும். வீடு விழுந்தா திரும்பக் கட்ட என்ன ஆகுமோ, அதுக்குத்தான் பாலிசி. விக்கிற வெலைக்கு இல்ல" என்றாள். நமக்கு யார் இதெல்லாம் சொன்னார்கள்?

மாடியையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன். மூன்று வருஷமாக உங்களுக்காகப் பூட்டிக் கிடக்கிற மாடி. மாப்பிள்ளை எப்போது மாற்றல் கேட்கப் போகிறார்? வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் "தங்கச்சி வருது" என்று சொல்லிச் சொல்லி என் வாயும் வலிக்கிறது.

உன் அக்கா
நாகஜோதி


கவுகாத்தி
21.11.2025

அன்புள்ள அக்காவுக்கு உமாவின் வணக்கம். நாங்கள் இருவரும் சுகம். மச்சானின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு தைலம் அனுப்புகிறேன். வாசனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வலியும் அந்த வாசனைக்குப் பயந்துதான் ஓடுகிறது.

பாலிசி எடுப்பது ரொம்ப நல்ல காரியம். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பேப்பர் வருவதற்கு முன்னால் எல்லாச் சுவரையும் உள்ளும் வெளியும் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள். பழைய விரிசல் எது, ஆட்டத்தில் வந்த விரிசல் எது என்று பிறகு ஆள் வந்து கேட்பார்கள். ஏதாவது விழுந்தால் உடனே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து பார்ப்பதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடாதே. உனக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கும் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் என்னை "உமா பைதேவ்" என்கிறார்கள். பைதேவ் என்றால் அக்கா. பிறந்ததிலிருந்து தங்கச்சியாகவே இருந்தவளுக்கு முப்பத்திரண்டு வயதில் இந்தப் பதவி உயர்வு. ஸ்கூட்டரில் போகிறேன். காலையில் ஆற்றுப்பக்கம் பனி விலகும்போது வண்டியை நிறுத்தி ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மாடி விஷயம் அவரிடம் சொல்கிறேன்.

அன்புத் தங்கை
உமா


கம்பம்
2.12.2025

உமாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். சுகம், சுகமறிய ஆவல். தைலம் வந்தது. உன் மச்சான் பூசிக்கொண்டு மண்டிக்குப் போனார். ஏலத்துக்கு வந்தவர்கள் நாலடி தள்ளியே நின்றார்களாம்.

பாலிசி வந்துவிட்டது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் ஒரே பேப்பரில். வீட்டுச் சாமான்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நகைக்கு மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம். நீ சொன்னபடி போட்டோவும் எடுத்தாயிற்று. இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று ஜெபஷீலாவே கேட்டாள். என் தங்கச்சி படித்தவள் என்றேன்.

மாடியில் யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு அவள் சொன்ன சங்கதிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. "வீட்டுக்காரவுக பாலிசியில வாடகைக்கு இருக்கிறவுக சாமான் சேராதுக்கா. சொவரு உங்களுது, சாமான் அவுகளுது. அவுக சாமானுக்கு மட்டும் தனியா எடுத்துக்கணும்" என்றாள். நீ வாடகை வீட்டில் இருக்கிறாய். அதுவும் அந்த ஊரில்! செப்டம்பரில் டி.வி.யில் பார்த்துவிட்டு நான் போன் போட்டபோது லேசாக ஆடியது, ஒன்றுமில்லை என்றாய். எப்போதும் லேசாகவே ஆடும் என்று யார் எழுதிக் கொடுத்தது?

அதனால் முடிவு செய்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் நான்தான் அனுப்புகிறேன். போன வருஷம் அனுப்பிய கரும்பு வந்து சேர்வதற்குள் விறகாகிவிட்டது என்றாய். இந்த வருஷம் சீர் இன்சூரன்ஸ். ஃபாரம் இதோடு இருக்கிறது. சாமான் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

முதல் வரியில் பீரோவை எழுது. தேனியில் ஏழு கடை ஏறி இறங்கி நான் எடுத்து, கண்ணாடி உடையாமல் வைக்கோல் சுற்றி லாரியில் அனுப்பிய பீரோ. நான் சொன்னபடி கன்னி மூலையில்தானே இருக்கிறது? தென்மேற்கில் கனம் இருந்தால்தான் குடும்பம் நிலைக்கும். மேலே பித்தளை அண்டாவும் இருக்கிறதா?

நாகஜோதி


கவுகாத்தி
14.12.2025

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே அனைவரும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது. அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பைப்லைன் பார்க்கப் போகிறார். போடியில் பிறந்தவருக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தேன். மனிதர் மீன்குழம்பும் சோறுமாக நன்றாகத் தேறிவிட்டார்.

கீழ்வீட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்காரம்மா நிர்மலா பைதேவ் எனக்கு அரிசிமாவில் பிட்டா சுடக் கற்றுக்கொடுத்தார். நம் ஊர் பணியாரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கிறது. எள்ளும் வெல்லமும் உள்ளே. உனக்குச் செய்முறை தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பள்ளியில் அரையாண்டுத் தேர்வு, திருத்த நூற்றுப் பத்துத் தாள். வாசலில் ஆரஞ்சுக் கூடைக்காரி வருகிறாள். பழம் சின்னது, தேன் மாதிரி.

சீர் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு எதற்கு வீண் செலவு? பட்டியல் அடுத்த கடிதத்தில்.

உமா


கம்பம்
24.12.2025

உமாவுக்கு, இங்கே சுகம். உன் கடிதத்தில் பிட்டா இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது, நிர்மலா பைதேவ் இருக்கிறார். நான் கேட்ட பட்டியல் மட்டும் இல்லை.

சீரை வேண்டாம் என்று சொல்ல நீ யார்? பிறந்த வீட்டில் கேட்க நாதியில்லை என்று ஊர் சொல்லவா? பொங்கலுக்குள் ஃபாரம் வரவில்லை என்றால் காயித ஒப்பந்தம் ரத்து. போனில் வருவேன்.

நாகஜோதி


கவுகாத்தி
5.1.2026

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் புத்தாண்டு வாழ்த்து. நலம். நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பட்டியல் எழுதிவிட்டேன். இரட்டைக் கட்டில், மெத்தை, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், புது டி.வி., கிரைண்டர், புது மிக்ஸி, அவருடைய லேப்டாப், என் தையல் மெஷின், மரச்சட்டம் போட்ட துணி ஸ்டாண்டு, பாத்திரங்கள், புத்தகங்கள். இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும், கூடவோ குறையவோ எழுதினால் நாளைக்குக் கிளைம் கேட்கும் முகம் இருக்காது என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பொங்கலுக்கு மச்சானை என் பெயரைச் சொல்லி ஒரு கரும்பு கடிக்கச் சொல்.

உமா


கம்பம்
17.1.2026

உமாவுக்கு அக்கா எழுதுவது. பொங்கல் நல்லபடியாக முடிந்தது. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

உன் பட்டியலை மூன்று தடவை படித்தேன். பீரோ எங்கே? அண்டா எங்கே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், நீ ஆறரை அடிப் பீரோவையே மறைத்துவிட்டாயே. டி.வி.யும் மிக்ஸியும் ஏன் புதிது? கல்யாணத்துக்குக் கொடுத்தது என்ன ஆயிற்று? துணி ஸ்டாண்டு எதற்கு?

ஃபாரத்தை ஜெபஷீலாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு இடத்தில் விரல் வைத்தாள். "இதற்கு முன் ஏதேனும் சேதம் ஏற்பட்டுள்ளதா?" என்கிற கேள்வி. எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். "உண்டுன்னா உண்டு, இல்லைன்னா இல்ல. வெறுமனே விட்டா கம்பெனி எடுத்துக்காதுக்கா" என்றாள்.

வாய் தவறிக் கேட்கவில்லை, தெரிந்துதான் கேட்கிறேன். மாப்பிள்ளை விற்றுவிட்டாரா? கஷ்டம் என்றால் என்னிடம் சொல்வதற்கென்ன? நான் இருக்கிறேன், மாடி இருக்கிறது.

நாகஜோதி


கவுகாத்தி
27.1.2026

மரியாதைக்குரிய மதினி அவர்களுக்கு மதன்குமார் வணக்கத்துடன் எழுதுவது. நலம்.

பீரோவை நான் விற்கவில்லை. எங்களுக்குக் கஷ்டமும் இல்லை. நடந்ததை உமாதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் தப்பு. நாலு நாளாக எழுதுகிறாள், கிழிக்கிறாள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

தங்கள் அன்புள்ள
மதன்குமார்


கவுகாத்தி
2.2.2026

என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் ஒரு தடவை படித்துக்கொள். நன்றாக இருக்கிறேன். மற்றதைப் பிறகு படி.

செப்டம்பரில் ஆடியது லேசாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் நான் படுத்திருப்பேன் என்று உனக்கே தெரியும். அன்றைக்கும் படுத்துத்தான் இருந்தேன். மொட்டைமாடிக் கொடியில் துணி காய்கிறது, மழை வருகிறது என்று நிர்மலா பைதேவ் கீழேயிருந்து கத்தினார். எரிச்சலோடு எழுந்து போனேன். கையில் ஒரு போர்வையை எடுத்திருப்பேன், கொடிக்கம்பி தானாக ஆடியது. தரை ஓடியது. உட்கார்ந்துவிட்டேன். எத்தனை விநாடி என்று தெரியாது.

இறங்கி வந்து பார்த்தால் பீரோ கட்டிலின் மேல் குப்புறக் கிடந்தது. என் தலையணை அதற்கு அடியில். அண்டா சுவரைப் பெயர்த்துக்கொண்டு டி.வி.யில் விழுந்திருந்தது. கண்ணாடித் தூள் மெத்தை முழுக்க. அடுப்படியில் மிக்ஸியும் மேடையிலிருந்து விழுந்து உடைந்திருந்தது. அவர் கடைக்குப் போயிருந்தார், ஓடி வந்தார். இருவரும் அதை நிமிர்த்தவே இல்லை, அக்கா. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பைதேவுக்குப் பாலிசி இருந்தது. கம்பெனி ஆள் வந்து சுவரை அளந்தார், போட்டோ எடுத்தார். உங்கள் சாமானுக்கு இதில் இடமில்லை, நீங்கள் தனியாக எடுத்திருக்க வேண்டும் என்று என்னிடம் பொறுமையாகச் சொன்னார். எனக்கு எல்லாம் தெரிந்தது இப்படித்தான், படித்ததால் இல்லை. பீரோவையும் அண்டாவையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். இப்போது எங்கள் படுக்கை அறையில் அந்தத் துணி ஸ்டாண்டைத் தவிர இடுப்பு உயரத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பிரிட்ஜைக்கூட அவர் சுவரோடு பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்த மூலையில் வை என்று சொன்னது நீ. அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் கட்டில் போட முடிந்தது. இது தெரிந்தால் நீ உன்னையே அரித்துத் தின்றுவிடுவாய் என்று பயந்தேன். அது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே டிக்கெட் போட்டு என்னை மாடிக்கு வரவழைத்துவிடுவாய் என்று பயந்தேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, அக்கா. இந்த வேலையும், இந்த வீடும், ஆறும் பிடித்திருக்கிறது. அவர் மாற்றல் கேட்கவே இல்லை. கேட்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். மூன்று வருஷமாக உன்னிடம் "சொல்கிறேன், சொல்கிறேன்" என்று இழுத்தடித்ததற்கு மன்னித்துவிடு.

அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதிக்கொள்ளச் சொல்.

உமா


கம்பம்
20.2.2026

உமாவுக்கு மச்சான் கர்ணன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதி வருஷம் முப்பதாகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முழங்கால் பரவாயில்லை.

உன் கடிதம் வந்ததிலிருந்து உன் அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. நாலு நாளாகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. முதல் நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், விரட்டவில்லை. அதுவே எனக்கு அதிசயம். மறுநாள் வினோத்ராஜின் டிராவல்ஸுக்குப் போய் உன் பெயருக்குக் கவுகாத்தியிலிருந்து மதுரைக்கு டிக்கெட் விசாரித்திருக்கிறாள். சாயங்காலம் திரும்பப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எனக்கே அவன் சொல்லித்தான் தெரியும்.

நேற்று ஆள் கூப்பிட்டு எங்கள் அறைப் பீரோவைச் சுவரோடு போல்ட் அடிக்கச் சொன்னாள். அது போதாது என்று கட்டிலையும் எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னாள். "வாஸ்து?" என்று கேட்டேன். "வாஸ்து கெடக்கட்டும். நீங்க இருக்கணும்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. உனக்கு ஒரு நன்றி.

அவள் எழுதுவாள். அவசரப்படாதே.

கர்ணன்


கம்பம்
8.3.2026

என் உமாவுக்கு, அக்கா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதியதை ஒரு தடவை இல்லை, நூறு தடவை படித்தேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள்.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அக்காவிடமே மறைத்தாளே என்று வந்தது. பிறகு, நான் போனில் குறுக்கே பேசுவது மட்டுமா, உன் வீட்டுக்குள் எந்தச் சாமான் எந்த மூலையில் என்று ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருந்து குறுக்கே வந்திருக்கிறேனே என்று தோன்றியது. கனம் இருந்தால் நிலைக்கும் என்று நினைத்தேன், ஆத்தா. உனக்கு நல்லது என்று நினைத்து ஏழு கடை ஏறி இறங்கினேன். அது உன் தலையணை மேல் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. அந்த நிர்மலா பைதேவுக்கு என் சார்பில் ஒரு புடவை எடுத்துக் கொடு. நல்ல புடவையாக.

ஃபாரத்தில் "ஆம்" என்று எழுதி, என்ன தேதி, என்னென்ன உடைந்தது எல்லாம் ஜெபஷீலா சேர்த்து அனுப்பினாள். கம்பெனி எடுத்துக்கொண்டது. பாலிசி உன் பெயரில் இதோடு வருகிறது. கொஞ்சம் தாமதமான பொங்கல் சீர். நன்றாகப் படித்துவிட்டுப் பத்திரமாக வை. பாலிசி நம்பரையும் கம்பெனி போன் நம்பரையும் அந்தப் பேப்பரில் மட்டும் வைக்காதே, வெளியூரில் யாரிடமாவது ஒரு நகல் இருக்கட்டும் என்று ஜெபஷீலா சொன்னாள். என்னிடம் இருக்கிறது.

இன்னொன்று. மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வேல்விழி, அவள் வீட்டுக்காரர், ஒரு கைக்குழந்தை. போன வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினார்கள். சாவியை முந்தானையில் ஒரு தடவை துடைத்தேன். கொடுத்துவிட்டேன். மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டில் இப்போது பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "வீடு எங்க பாலிசியில இருக்கு, உங்க சாமான் இல்ல. தனியா எடுத்துக்கங்க" என்று முதல் நாளே சொன்னேன். அவர்கள் பீரோவை ஏற்றிக்கொண்டு வந்து, "அக்கா, இத எந்த மூலையில வைக்க?" என்று கேட்டார்கள். "தொட்டில் எங்கன போடுறீகளோ, அங்கன இருந்து தள்ளி வைங்க" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உன் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார், வேண்டுமானால் அவரைக் கேள்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு லீவு போட்டுக்கொண்டு இருவரும் வாருங்கள். பத்து நாள் இருந்துவிட்டு உன் வீட்டுக்குத் திரும்பிப் போ. மாடி இல்லாததால் எங்களோடு கூடத்தில்தான் பாய் விரிக்க வேண்டும். கூடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறேன். நீ எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் சரி.

உன் அக்கா
நாகஜோதி